கிராப் மார்க் போட்டாச்சு, அப்புறமும் ஃபைல் ஏன் திரும்பி வருகிறது?

கிராப் மார்க் போட்டுத்தான் பிடிஎஃப் கொடுத்தேன். "ப்ளீட் இல்லை" என்று அச்சகத்தில் திருப்பிவிட்டார்கள். ஏன்?

இரண்டும் வேறு வேறு. மார்க் எங்கே வெட்டணும் என்று காட்டும் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைத் தாண்டியும் படமும் பின்னணி நிறமும் நீண்டிருப்பதுதான் ப்ளீட். தாள்களைக் கட்டாக அடுக்கி வெட்டும்போது கத்தி கொஞ்சம் அப்படி இப்படிப் போகத்தான் செய்யும், வெளியே நிறம் இல்லையென்றால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும். பொதுவாக ஒவ்வொரு ஓரத்திலும் 3 மி.மீ. கேட்பார்கள், அதாவது 210 × 297 உள்ள ஏ4 ப்ளீடோடு சேர்த்து 216 × 303 மி.மீ. ஆகிவிடும். முடித்த டிசைனை அப்படியே இழுத்துப் பெரிதாக்கி இந்த அளவைக் கொண்டுவராதீர்கள், எழுத்தும் சேர்ந்து ஓரத்துக்கு நகரும். பின்னணியை மட்டும் நீட்டுங்கள், முக்கியமான எழுத்தை வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ.யாவது உள்ளே வையுங்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் மார்க் கோடுகள் ப்ளீட் மேலேயே ஏறி நிற்கின்றன.

ஏற்றுமதி செய்யும்போது மார்க்ஸ் அண்ட் ப்ளீட்ஸ் பகுதியில் ஆஃப்செட் என்று ஒரு கட்டம் இருக்கும், வெட்டுக்கோட்டிலிருந்து மார்க் எவ்வளவு தள்ளி நிற்கணும் என்பதுதான் அது. அதன் வழக்கமான மதிப்பு 6 பாயிண்ட், சுமார் 2.1 மி.மீ. உங்கள் ப்ளீட் 3 மி.மீ. என்றால் ஏறாமல் என்ன செய்யும்? ஆஃப்செட்டையும் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

புத்தகத்துக்கு மார்க்கே வேண்டாம் என்கிறார்களே, அப்புறம் எப்படி வெட்டுவார்கள்?

நல்ல அச்சகம் போலிருக்கிறது. பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத சில பெட்டிகள் உண்டு: முழுத் தாளுக்கு மீடியா பாக்ஸ், ப்ளீட் வரைக்கும் ப்ளீட் பாக்ஸ், வெட்டிய பிறகு மிஞ்சும் அளவுக்கு டிரிம் பாக்ஸ். பக்கங்களைப் பெரிய தாளில் வரிசைப்படுத்தும் இம்போசிஷன் மென்பொருள் பார்ப்பது டிரிம் பாக்ஸைத்தான், மார்க்கை அதுவே கடைசியில் போட்டுக்கொள்ளும். நீங்கள் போட்ட மார்க் அங்கே பெரும்பாலும் இடைஞ்சல். அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-4 வகையில் ஏற்றுமதி செய்து ப்ளீடை மட்டும் சேர்த்துக் கொடுங்கள், டிரிம் பாக்ஸ் தானாக வந்துவிடும்.

வேர்டில் செய்த அட்டையை அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் வேர்டுக்கு ப்ளீட் என்றால் என்னவென்றே தெரியாது. தாள் அளவை 216 × 303 என்று வைத்து, நாலு பக்க மார்ஜினிலும் 3 மி.மீ. கூட்டி, படத்தைத் தாளின் விளிம்பு வரை இழுத்துவிட்டு பிடிஎஃப் எடுங்கள். பிறகு அக்ரோபேட் ப்ரோவில் டிரிம் பாக்ஸை நாலு பக்கமும் 3 மி.மீ. உள்ளே அமைக்கலாம். நிறம் எல்லாம் திரைக்கான ஆர்ஜிபியாகவே இருக்கும், அச்சின் நாலு மைக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது பளிச்சென்ற நீலமும் பச்சையும் மங்கும், அதற்குத் தயாராக இருங்கள். இலவசமாக வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது, தமிழுக்கு 1.6 பதிப்புக்குப் போங்கள், பழைய 1.4இல் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும்.

மார்க் கோட்டை நானே கறுப்பில் வரைந்துகொள்ளலாமா?

வரையலாம், ஆனால் வெறும் கறுப்பில் வரைந்தால் அது கறுப்பு பிளேட்டில் மட்டும்தான் வரும் (அச்சில் நாலு மைக்கும் தனித்தனி அச்சுத் தகடு, அதுதான் பிளேட்). நாலு பிளேட்டிலும் வர ரெஜிஸ்ட்ரேஷன் நிறம் என்று தனியாக ஒன்று உண்டு. அதே நிறத்தை ஆசைப்பட்டு எழுத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள், 400 சதவீத மை, தாள் காயாது.

தேவையில்லாத மார்க்கை அக்ரோபேட் கிராப் கருவியால் வெட்டிவிட்டேன். போய்விட்டதா?

இல்லை. அது மறைக்கத்தான் செய்யும், கோடுகள் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். மூல ஃபைலிலிருந்து மறுபடி ஏற்றுமதி செய்வதுதான் சுத்தம்.

வீட்டு பிரிண்டரில் எடுத்துப் பார்த்தால் அளவு குறைகிறது.

பிரிண்ட் அமைப்பில், பக்கத்தைத் தாளுக்குள் அடங்கச் சுருக்கும் "ஃபிட்" தேர்வாகியிருக்கும். "ஆக்சுவல் சைஸ்" வைத்து எடுத்து, மார்க்குக்கு மார்க் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ப்ளீடோடு ஏ4 என்றால் ஏ3 தாளில்தான் மார்க் முழுசாக அடங்கும்.