அடிக்கடி காதில் விழும் ஆங்கில மரபுத்தொடர்களையும் அவற்றின் பொருளையும் சொல்ல முடியுமா?

புரியாத தொடரால் பெரிய ஆபத்து இல்லை, அகராதியைப் புரட்டிவிடுவோம். தமிழிலும் அதேபோல ஒன்று இருக்கிறதே என்று நம்பிவிடும் தொடர்தான் காலை வாரும். அதனால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் அறிக்கையில் 70 பிழைகள் இருப்பதாக மேலாளர் மின்னஞ்சல் அனுப்பினார். ராத்திரி முழுக்க வரிவரியாகத் தேடினேன். காலையில் ஒரே ஒரு வரி வந்தது: 'ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்.' காலை வாரியதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்கு அப்படியொரு கோபம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஆங்கிலத்தில் காலை இழுப்பது வெறும் கிண்டல். கூட இருந்தே கவிழ்ப்பதெல்லாம் தமிழில்தான். (70 பிழை கிண்டலா என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.)

'பட்டர்ஃபிளைஸ் இன் த ஸ்டமக்' என்பது ஏறத்தாழ நம் வயிற்றில் புளியைக் கரைப்பதுதான். ஆனால் காதலைச் சொல்லப்போகும் இனிய படபடப்புக்கும் அங்கே பட்டாம்பூச்சி பறக்கும். நமக்குப் புளி கரைவது பயத்தில் மட்டும். 'கோல்ட் ஃபீட்' என்றால் ஒப்புக்கொண்ட காரியத்திலிருந்து கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது.

அச்சாகப் பொருந்துபவையும் உண்டு. ஒருகாலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்கே பேர்போன இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது, நம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்தாற்போல. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவைத்தான் இப்போது ப்ளூ மூன் என்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும்.

ஆங்கிலமே தாய்மொழி என்பவர்களும் இதில் சறுக்குவார்கள். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு தரப்பு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் மல்லுக்கு நின்றதையும், இருவரும் விரும்பியது ஒன்றே என்பது பிறகு தெரிந்ததையும் சர்ச்சில் எழுதியிருக்கிறார். கூட்டத்தில் யாராவது 'லெட்ஸ் டேபிள் இட்' என்றால், எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக்கொண்டு தலையாட்டுங்கள்.