அம்பத்தூர் பட்டறைக்குத் தேஜஸ் வேலை கிடைக்குமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணினி வழி இயங்கும் நான்கு விஎம்சி மில்லிங் இயந்திரங்கள், இரண்டு சிஎன்சி லேத்துகளுடன் பதினெட்டு பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். இருபது ஆண்டுகளாகக் கார், டிராக்டர் பாகங்கள்தான் செய்கிறோம். மின்வாகனங்கள் பெருகுவதால் இன்ஜின் பாகங்களுக்கான ஆர்டர் குறைந்துகொண்டே போகிறது. விமானப்படைக்கு 97 தேஜஸ் விமானங்கள் வாங்கப் போவதாகப் படித்ததிலிருந்து, ஒன்றரைக் கோடி ரூபாய்க் கடனில், சிக்கலான வடிவங்களை வெட்டும் ஐந்து அச்சு இயந்திரம் வாங்கலாம் என்கிறான் என் மகன். வாங்கலாமா? வேலைக்கு யாரை அணுக வேண்டும்?

பதில்: இயந்திரத்தை இப்போது வாங்க வேண்டாம். உங்களைப் போன்ற பட்டறைக்கு விமானப்படை சார்ந்த வேலை நிச்சயமாக இருக்கிறது. ஆனால் அது நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் முதலில் கிடைக்காது. கிடைத்தாலும் உங்கள் பட்டறையில் முதலில் மாற வேண்டியது இயந்திரம் அல்ல. விமானத் துறைத் தர ஆய்வில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த அவசரத்தில் கடன் வாங்கித் தவித்த பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன்.

விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான அணிகள் 42. 1963 முதல் பறந்த மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றபோது, கையிலிருந்தவை சுமார் 29 அணிகளாகக் குறைந்தன. அதற்கு முந்தைய நாள்தான் 62,370 கோடி ரூபாய் மதிப்பில் 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கான ஒப்பந்தம் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல்லுடன் கையெழுத்தானது. 2021-இல் ஒப்பந்தமான 83 விமானங்களையும் சேர்த்தால் மொத்தம் 180. புதிய ஒப்பந்தத்தில் உள்நாட்டுப் பங்கு 64 சதவீதத்துக்கும் மேல் என்று அரசு அறிவித்திருக்கிறது. இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சதவீதம் பாகங்களின் எண்ணிக்கையைக் குறிப்பதில்லை, விலை மதிப்பில் கணக்கிடப்படுவது. இன்ஜின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தயாரித்த எஃப்-404; விமானி அவசரத்தில் வெளியேறும் இருக்கை பிரிட்டனின் மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தினுடையது. உள்நாட்டு விமானம் என்பது உண்மைதான், ஆனால் அது வெளியிலிருந்து வரும் சில முக்கிய உறுப்புகளைச் சுற்றிக் கட்டப்படுகிறது, அந்த உறுப்புகள் வரும் வேகத்தில்தான் மற்றதெல்லாம் நகரும்.

இது உங்கள் வங்கிக் கணக்கை நேரடியாகத் தொடும் விஷயம். 83 விமானங்களுக்கான ஒப்பந்தப்படி 2024-இல் விநியோகம் தொடங்கியிருக்க வேண்டும். அதற்காக ஆர்டர் செய்யப்பட்ட 99 இன்ஜின்களில் முதலாவது, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்டதே 2025 மார்ச்சில்தான். இன்ஜின் இல்லாமல் உடற்பகுதிகள் காத்திருந்தால், அடுத்த தொகுதிக்கான ஆர்டர் தள்ளிப்போகும். அது தள்ளிப்போனால் பெரிய சப்ளையர் தன் கொள்முதலைத் தள்ளிவைப்பார். கடைசியில் அம்பத்தூரில் பிராக்கெட் மில்லிங் செய்பவரின் பில் நிற்கும், அவர் ஒரு நாள்கூடத் தாமதம் செய்யாதிருந்தாலும். ஆகவே முதல் மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் துறையை நம்பி வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. வாகன வேலையை விட்டுவிட்டு இதற்கு வருவதாக இருந்தால், வராமலிருப்பதே நல்லது.

அடுத்தது எண்ணிக்கை. எச்ஏஎல் தன் மூன்று உற்பத்தி வரிசைகளையும் சேர்த்து ஆண்டுக்கு 24 விமானங்களை இலக்காக வைத்திருக்கிறது. ஒரு விமானத்துக்கு இரண்டு வீதம் பொருந்தும் அலுமினிய பிராக்கெட் ஒன்று உங்களுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்; அது ஆண்டுக்கு 48 எண்ணிக்கை. மாதம் பத்தாயிரம் செய்து பழகிய பட்டறை அதை இரண்டொரு நாளில் முடித்துவிடும். ஒன்றரைக் கோடிக் கடனை 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் கட்டுவதானால் மாதத் தவணை ஏறக்குறைய 2 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய். அந்தத் தவணையைச் சுமக்க 48 பிராக்கெட்டுகள் போதாது. ஐம்பது அறுபது வகைப் பாகங்கள் உங்கள் பெயரில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும். அதுவரைக்கும், இருக்கும் விஎம்சி ஒன்றில் நான்காம் அச்சுக்குச் சுழல் மேசை பொருத்தி, பாகத்தை அசையாமல் பிடிக்கும் நல்ல பிக்ஸ்சர் இரண்டு செய்துகொண்டாலே ஆரம்பநிலைப் பாகங்களில் பெரும்பாலானவற்றைச் செய்ய முடியும். மகனிடம் கோபப்படாமல் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் சொல்லும் திசை தவறல்ல, வரிசைதான் தவறு.

எச்ஏஎல் வாசலில் நேராகப் போய் நிற்பதும் பெரும்பாலும் வீண் அலைச்சலாகும். மார்க்-1ஏ விமானத்தின் இறக்கைகள் கோயம்புத்தூரில் எல் அண்ட் டி நிறுவனத்திலிருந்தும், நடு உடற்பகுதி ஹைதராபாத்தின் வெம் டெக்னாலஜீஸிலிருந்தும், முன் உடற்பகுதி பெங்களூருவின் டைனமேட்டிக் நிறுவனத்திலிருந்தும் முழுப் பகுதிகளாகவே வருகின்றன. பதினெட்டு பேர் வேலை செய்யும் பட்டறையின் வாடிக்கையாளர் இத்தகைய நிறுவனங்களோ, அவற்றுக்கு அடுத்த படியில் இருப்பவர்களோதான்.

நான் அதிக நம்பிக்கையோடு சொல்வது இன்னொரு வாசலைப் பற்றி. புதிய விமானங்களைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன, ஆனால் விமானப்படை அன்றாடம் பறப்பது ஏற்கெனவே வாங்கியவற்றில். ரஷ்யாவின் சுகோய்-30, மிக்-29, எம்ஐ-17, உக்ரைனின் ஏஎன்-32, பிரான்சின் மிராஜ்-2000, ரஃபேல், பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய ஜாகுவார், அமெரிக்காவின் சி-17, சி-130 என்று பல நாட்டுத் தரங்கள் ஒரே படையில் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் புஷ், பின், பிராக்கெட், அடாப்டர், தரைச் சோதனைக் கருவி என்று சிறு சிறு உதிரிகள் தொடர்ந்து வேண்டும். உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய உதிரிகள் வருவதில் ஏற்பட்ட சிக்கல் இந்தத் தேவையைக் கூர்மையாக்கிவிட்டது. ஏஎன்-32 விமானங்களைக் கான்பூரிலும், எம்ஐ-17 ஹெலிகாப்டர்களைச் சண்டிகரிலும், சுகோய் விமானங்களை நாசிக் அருகேயுள்ள ஓஜரிலும் பழுதுபார்க்கும் விமானப்படைத் தளங்கள் இறக்குமதி உதிரிகளை உள்நாட்டில் செய்து தருவோரைத் தேடுகின்றன. அத்தகைய பழுதுபார்ப்புத் தளம் ஒன்று நம் மாநிலத்திலேயே, கோவை அருகே சூலூரிலும் உண்டு. பாதுகாப்பு அமைச்சகம் 2020-இல் தொடங்கிய ‘ஸ்ரீஜன்’ இணையதளத்தில் இப்படிப்பட்ட பொருட்கள் ஆயிரக்கணக்கில் பட்டியலிடப்பட்டுள்ளன. தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் இயந்திரத்தின் அளவுக்குள் அடங்கும் பத்துப் பொருட்களைத் தேர்ந்தெடுங்கள் என்று மகனிடம் சொல்லுங்கள்.

இதில் சிரமமும் உண்டு. பல பாகங்களுக்கு டிராயிங்கே கிடைக்காது. தேய்ந்த மாதிரி ஒன்று மட்டும் கையில் கொடுக்கப்படும். தேய்ந்ததை அளந்து அப்படியே வரைந்தால் தேய்மானத்தையும் சேர்த்துச் செய்தவர் ஆவீர்கள். மூல உலோகம் ரஷ்யத் தரத்தில் டி16டி என்று இருக்கும். அதற்கு நெருக்கமானது நம் சந்தையில் கிடைக்கும் ‘2024’ என்ற எண் கொண்ட அலுமினிய ரகம். ஆனால் நெருக்கமானது என்று நீங்களே முடிவு செய்து மாற்றிவிட முடியாது, வான்தகுதிச் சான்றளிக்கும் செமிலாக் அமைப்பின் ஒப்புதல் வேண்டும். பொறுமையுள்ளவருக்கு இது நல்ல வேலை, ஏனெனில் ஒருமுறை தேர்ச்சி பெற்ற பாகத்துக்கு அந்த விமானம் பறக்கும் வரை ஆர்டர் வரும்.

இறக்குமதிப் பாகத்தின் இடத்தை உள்நாட்டுப் பாகம் பிடிப்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஆவடியில் டாங்கிகளை வடிவமைக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், இன்ஜினின் ஆற்றலைத் தேஜஸின் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தண்டை வடிவமைத்தது. 2023 மார்ச் 14 அன்று பெங்களூருவில் தேஜஸ் விமானம் ஒன்றில் அது முதன்முதலாகப் பறந்து தேறியது. உங்கள் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊரில் நடந்த வேலை இது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

இனி உங்கள் பட்டறைக்குள் மாற வேண்டியவை. சில ஆண்டுகளுக்கு முன் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். வாடிக்கையாளர் தன் செலவில் கொடுத்திருந்த அலுமினியக் கம்பிகள் ரேக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கம்பியின் ஒரு முனையிலும் ஹீட் நம்பர், அதாவது அந்த உலோகம் எந்த உருக்கில் பிறந்தது என்ற எண், பெயிண்டில் எழுதப்பட்டிருந்தது. பேண்ட்சா இயக்கும் தம்பி கைக்கு வசதியாக அந்த முனையிலிருந்தே அறுக்கத் தொடங்கினார். முதல் துண்டோடு எண் போய்விட்டது. மீதியிருந்த ஐந்தடிக் கம்பிக்கு அதற்குப் பிறகு பெயரில்லை. உலோகத்தில் ஒரு குறையும் கிடையாது, ஆனால் அது எது என்று நிரூபிக்க யாராலும் முடியாது என்பதால், என் கண்ணெதிரே அது கழிவுக்குப் போனது, அதன் விலை பட்டறையின் பில்லில் கழிக்கப்பட்டது. எண் இல்லாத முனையிலிருந்து அறுக்க வேண்டும், அறுத்த ஒவ்வொரு துண்டிலும் எண்ணை மறுபடி எழுத வேண்டும் என்ற ஒரே பழக்கம் அதைத் தடுத்திருக்கும். விமானத் துறைக்கான ஏஎஸ் 9100 தரச் சான்றிதழ் கேட்பதெல்லாம் அடிப்படையில் இந்தப் பழக்கத்தைத்தான்: பத்தாண்டு கழித்து ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதன் உலோகம் எங்கிருந்து வந்தது, எந்த நாளில் யார் செய்தார், எந்தக் கேஜால் அளந்தார், அந்தக் கேஜ் கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது என்று கேட்டால், கோப்பிலிருந்து பதில் வர வேண்டும்.

அளவெடுப்பிலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. டிராயிங்கில் உள்ள அளவுகள் எல்லாம் 20 டிகிரி வெப்பத்துக்கானவை. மே மாதத்தில் 32 டிகிரி இருக்கும் பட்டறையில் 300 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியப் பாகம் சுமார் 83 மைக்ரான் நீண்டிருக்கும். உங்கள் இரும்பு அளவுகோலும் அதில் ஏறக்குறைய பாதி நீள்வதால் பிழை கொஞ்சம் மறைந்துகொள்ளும், ஆனாலும் நாற்பது மைக்ரான் மிச்சமிருக்கும். வாகனப் பாகத்தில் இது தெரியாமலே போயிருக்கலாம். இங்கே அந்த ஒரு காரணத்தாலேயே தொகுதி முழுவதும் திரும்பி வரும். ஆகையால் கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வெப்பம் சீராக இருக்கும் ஒரு சிறிய ஆய்வறைக்கும், பழையதானாலும் நல்ல நிலையிலுள்ள சிஎம்எம் என்ற முப்பரிமாண அளவெடுப்புக் கருவிக்கும் வாங்குங்கள்.

வாகனத் தொழிலில் வளர்ந்த திறமையான தொழிலாளிகளுக்கே கடினமாக இருக்கும் ஒரு பழக்கம், தவறைத் தானே சரிசெய்துவிடுவது. துளை சற்றே பெரிதாகிவிட்டால் புஷ் போட்டுச் சமாளிப்பது நம் பட்டறைகளில் கைத்திறனாகப் பாராட்டப்படுகிறது. விமானப் பாகத்தில் அதுவே மன்னிக்க முடியாத குற்றம். பாகத்தைத் தனியே பூட்டி வைத்து, வாடிக்கையாளருக்கு எழுதி, அவர் ஏற்றால் மட்டுமே மேலே போக வேண்டும். தவறைச் சொல்பவரைத் திட்டாமலிருக்க நீங்களும் பழக வேண்டும், இல்லையெனில் அடுத்த தவறு உங்கள் காதுக்கே வராது. டிராயிங்கைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தையும் இன்றே நிறுத்துங்கள். இரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகக் கருத அந்த ஒரு படம் போதும்.

அனோடைசிங், வெப்பப் பதப்படுத்தல் போன்றவற்றைச் சொந்தமாகத் தொடங்க நினைக்க வேண்டாம். அவற்றுக்கு நாட்கேப் என்ற தனி அங்கீகாரம் கேட்கப்படும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிபந்தனைகளும் கடுமையானவை. அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுத்து வாங்குங்கள். அனுப்புவதும் திரும்புவதுமான நாட்களை விலைப்புள்ளியில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு கையிலிருந்தால் 45 நாட்களுக்குள் பணம் பெறும் சட்ட உரிமை சிறு நிறுவனமான உங்களுக்கு உண்டு. ஆயினும் முதல் மாதிரி செய்வதிலிருந்து தொடர் ஆர்டர் வரும் வரை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆவதை நான் வழக்கமாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தின் சம்பளத்தை வாகன வேலைதான் தாங்க வேண்டும்.

அணுகுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை நடத்தும் மாநில அரசு நிறுவனமான டிட்கோவின் அலுவலகத்தில் உங்கள் பட்டறையின் விவரத்தைப் பதிந்து, கொள்முதல் சந்திப்புகளுக்கு அழைக்கக் கேளுங்கள். அந்தச் சந்திப்புக்குப் பளபளப்பான விளம்பரப் புத்தகம் எடுத்துப் போகாதீர்கள். நீங்களே வரைந்த ஒரு சாதாரண அலுமினிய பிராக்கெட்டைச் செய்து, அதன் உலோகச் சான்றிதழ், வேலையின் ஒவ்வொரு படியையும் பதியும் ரூட் கார்டு, டிராயிங்கின் ஒவ்வொரு அளவுக்கும் எண்ணிட்டு எதிரே எடுத்த அளவை எழுதிய முதல் மாதிரி ஆய்வறிக்கை, கேஜ்களின் அளவுத்திருத்தச் சான்று ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, பாகத்தோடு மேசைமேல் வையுங்கள். நான் கொள்முதல் பக்கம் உட்கார்ந்திருந்த நாட்களில், வந்தவர்களில் பெரும்பாலோர் இயந்திரங்களின் பட்டியலை நீட்டினார்கள். இப்படியொரு கோப்பைக் கொண்டு வந்தவரிடம் மட்டும், பட்டறையைப் பார்க்க எப்போது வரலாம் என்று நாங்களே கேட்டோம்.