11 வயதில் பல்கலைக்கழகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘யங் ஷெல்டன்’ தொடரை என் மாமியாரும் மகனும் சேர்ந்து பார்க்கிறார்கள். 11 வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போன பையன், அதன் தலைவியிடமே வாதாடி, படிப்பையே விட்டுவிட்டு வருகிறான். “பெரியவங்கள எதிர்த்துப் பேசச் சொல்லிக் கொடுக்கிறாங்களே” என்று மாமியார் வருந்துகிறார். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகனும், ஆசிரியர் பலகையில் போட்ட பின்னக் கணக்கைத் தவறு என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மாமியாரின் வருத்தத்தைத் தள்ளிவிடாதீர்கள். 2017 முதல் 2024 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 7 பருவங்களாக வந்த அத்தொடரில், 9 வயதில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்த முதல் நாளே ஷெல்டன் மற்றவர்களின் உடையிலும் தலைமுடியிலும் விதிமீறல் கண்டுபிடிக்கிறான். அது துடுக்குத்தனம்தான்; எந்த வீட்டுப் பாட்டிக்கும் பிடிக்காது.

ஆனால் பல்கலைக்கழகத் தலைவி ஹேகமையரோடு நடக்கும் மோதல் வேறு வகை. ஆராய்ச்சி நிதி எங்கே கிடைக்கும் என்று தேடித் தரும் ஒரு தரவுத்தளத்தை அவன் யோசித்து உருவாக்க முனையும்போது, அதில் தனக்கும் உரிமை உண்டு என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. இது கதைக்காகக் கட்டியதன்று. தங்கள் ஆய்வகத்தையும் கணினியையும் பயன்படுத்தி உருவாகும் கண்டுபிடிப்புகளில் பல்கலைக்கழகங்கள் பங்கு கோருவது உலகெங்கும் உள்ள வழக்கம். வயது வந்தவர் அந்த விதிகளைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறார். 11 வயதுப் பிள்ளையால் அது முடியுமா? நம் நாட்டிலும் 18 வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. பிள்ளையின் திறமையைத் தன் பெருமையாகக் காட்டிக்கொள்ளும் நிறுவனம், அவன் தன் உழைப்பைப் பற்றிக் கேள்வி கேட்டதும் ‘சின்னப் பையன்’ என்று ஒதுக்கினால், அங்கே மரியாதை தவறியது பையன் மட்டும்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் பிள்ளைகளுக்கும் இது தொலைவான கதையன்று. 1990களின் பிற்பகுதியில் பி.டி.எஸ். என்ற தொடக்கப்பள்ளி முதல் நிலை மதிப்பீட்டுத் தேர்வில் தேறிய மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நேராக ஐந்தாம் ஆண்டுக்குத் தாவினார்கள். இன்று பாங்கியில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழக வளாகத்திலேயே, மீத்திறன் மாணவர்களுக்கென்று தங்கிப் படிக்கும் கல்லூரி இருக்கிறது. அறிவு வயதை முந்தி ஓடும் பிள்ளைக்குப் படிப்பில் தாவ இடம் கிடைத்துவிடும்; பெரியவர்களோடு பேசும் பக்குவம் மட்டும் அவன் வயதுக்கேற்பத்தான் வரும். அந்த இடைவெளியில் கூட நிற்க வீட்டில் ஒருவர் வேண்டும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஸ்டர்ஜிஸின் இயற்பியல் வகுப்புக்கு ஷெல்டனை முதன்முதலில் அழைத்துப் போனவர் அவனுடைய பாட்டிதான்.

மகன் பிழையைக் கண்டது சரி. நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னதைத்தான் மாற்ற வேண்டும். அவனைக் கண்டிக்கும் முன், அந்தக் கணக்கை உங்கள் எதிரில் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவன் சொன்னது சரியென்றால், வகுப்பு முடிந்ததும் நோட்டோடு ஆசிரியரின் மேசைக்குப் போய், “சார், இந்த வரியில எனக்கு ஒரு சந்தேகம்” என்று கேட்கப் பழக்குங்கள். முதல் தடவை நீங்களும் பள்ளி வாசல்வரை கூடப் போய்வாருங்கள்.