வந்தியத்தேவனுக்கு அப்புறம் யார்?

போன இதழில், உங்களுக்குப் பிடித்த ஒரு கதாபாத்திரத்தைச் சொல்லுங்கள், அடுத்து என்ன படிக்கலாம் என்று நான் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். வந்து குவிந்த கடிதங்களில் வந்தியத்தேவன்தான் முதலிடம், அடுத்து யமுனா. மற்றவர்களுக்கும் கொஞ்சம் இடம் வேண்டுமே என்று பொறுக்கி எடுத்ததில் சில இங்கே.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: பொன்னியின் செல்வன் அஞ்சு தடவை படிச்சாச்சுங்க. வந்தியத்தேவன் மாதிரி ஒருத்தன் வேணும்னு சரித்திர நாவலா வாங்கி அடுக்கினேன். ஒண்ணும் ஓடல. வாள் இருக்குது, குதிரை இருக்குது, அவன் மட்டும் இல்லீங்க. என்ன பண்றது?

நீங்கள் வாங்கியது குதிரையையும் வாளையும்தான், ஆளை வாங்கவில்லை. குறை சொல்லவில்லைங்க, நானும் இந்தக் கூத்தை அடித்திருக்கிறேன். இணையக் கடை ஒன்றில் ஒருமுறை பொன்னியின் செல்வன் வாங்கியதோடு சரி, ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று அது காட்டியதெல்லாம் அட்டையில் கோபுரமும் கிரீடமும் போட்ட புத்தகங்கள். நாலு வாங்கினேன். மூன்று பரணில் கிடக்கின்றன.

வந்தியத்தேவனை முதலில் எங்கே பார்க்கிறோம்? ஆடிப்பெருக்கு அன்றைக்கு, வீரநாராயண ஏரிக்கரையில், களைத்துப்போன ஒரு குதிரையின் மேல். வாணர் குலத்துப் பிள்ளை, ஆனால் ஆள நாடில்லை. ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய ஓலைகள் மடியில் இருக்கின்றன, மற்றபடி அவனிடம் உள்ள மூலதனம் வாய் ஒன்றுதான். போகிற இடத்தில் ஒரு பொய், அதை மூட இன்னொரு பொய், நடுவில் ஓர் அழகான முகத்தைப் பார்த்துவிட்டால் வந்த வேலையே மறந்துபோகும். ஒன்றும் இல்லாத ஒருத்தன் பேச்சை வைத்தே பெரிய இடங்களுக்குள் நுழைந்து உயிரோடு வெளியே வருகிறானே, அதைத்தான் ஐந்து தடவை படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவனைச் சோழர் காலத்தில்தான் தேட வேண்டும் என்று கட்டாயமில்லை.

பா. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ எடுங்கள். 1972-இல் வந்த நாவல். ஆள் பெயர் பாண்டியன், இடம் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் கைக்குப் போன சுமத்ராவின் மெடான், மலேயாவின் பினாங்கு. செட்டியார் வட்டிக்கடையில் வேலை பார்க்கும் அடுத்தாள்கள், இந்திய தேசிய ராணுவம், சாராயக்கடைப் பேச்சு என்று எல்லாவற்றுக்குள்ளும் பாண்டியன் புகுந்து புறப்படுகிறான், பழந்தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களைக் கூட விட்டுவைக்காமல் கிண்டல் அடிக்கிறான். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆரம்பப் பக்கங்கள் மலாய்ச் சொற்களும் தெருப் பெயர்களுமாக வந்து மிரட்டும், அங்கே மூடி வைத்துவிடாதீர்கள். தோணி புயலில் மாட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் நானே வந்து பிடுங்கினாலும் கொடுக்க மாட்டீர்கள்.

வெளிநாட்டுக்காரன் பரவாயில்லை என்றால் அலெக்சாந்தர் டூமாவின் ‘மூன்று மஸ்கிடியர்கள்’, 1844. டார்டான்யன் என்ற பையன் மஞ்சள் நிறத்தில் ஒரு நோஞ்சான் குதிரையில் வருகிறான், கையில் சிபாரிசுக் கடிதம். முதல் சத்திரத்திலேயே குதிரையைப் பார்த்துச் சிரித்தவனோடு சண்டைக்குப் போய்க் கடிதத்தைப் பறிகொடுக்கிறான். உங்களுக்கு எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருக்கும்.

தாராபுரம் பக்கத்து வாசகி: பெரியப்பா போனதுக்கப்புறம் எங்க பெரியம்மா காட்டுல பங்கு கேட்டாங்க. அன்னைக்கிருந்து ஊருக்குள்ள அவங்களுக்கு நல்ல பேரே இல்லை. போன மாசம் ‘நாகம்மாள்’ படிச்சேன், பெரியம்மாவைப் பார்த்தாப்பல இருந்துச்சு. இவளை மாதிரி வேற யார் இருக்காங்க? ‘தைரியமான பெண்’னு சொல்லி எதையாவது எடுத்துத் தராதீங்க.

அந்தக் கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு தட்டு ஒப்புட்டு தர வேண்டும் அம்மணி. ‘தைரியமான பெண்’ என்று ஒரு பெட்டி செய்து அதில் ஊரில் உள்ள நாயகிகளையெல்லாம் போட்டு மூடிவிடுகிறார்கள். நாகம்மாள் அந்தப் பெட்டியில் அடங்குகிற ஆளே இல்லை. அவள் கேட்பது ஒன்றே ஒன்று, நிலத்தில் தன் பங்கு. புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை, கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் சோறு. பிரித்துக் கொடு என்கிறாள். கெட்டியப்பன் மாதிரி ஆட்கள் அதில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். அவளை நல்லவளாகவும் காட்டாமல் கெட்டவளாகவும் காட்டாமல் ஆர். சண்முகசுந்தரம் எழுதிக்கொண்டு போகிறார். அவர் உங்கள் பக்கத்துக் கீரனூர்க்காரர்தான், உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நாவல் வந்த வருஷத்தைப் பாருங்கள், 1942. விதவைக்குச் சொத்தில் பங்கு உண்டு என்று 1937-இல் ஒரு சட்டம் வந்தது. விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-இல் பெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947-இல். ஆக நாகம்மாள் வாசலில் நின்று கேட்ட நேரத்தில் அந்தச் சட்டப்படி வீட்டில் பங்கு கேட்கலாம், காட்டில் கேட்க முடியாது. நாவலில் அது ஊர் வாயிலேயே நடக்கிற வழக்கு.

இன்றைக்கு மட்டும் என்ன. மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அத்தைமார் மூன்று பேரையும் வேனில் கூட்டிக்கொண்டு போய் பத்திர ஆபீசில் ‘எங்களுக்குப் பங்கு வேண்டாம்’ என்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். திரும்பி வருகிற வழியில் ஆளுக்கொரு சேலை, ஓட்டலில் பூரி. நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். நடு அத்தை பூரியைத் தொடவே இல்லை, தண்ணீர் டம்ளரை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். நாகம்மாளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டம்ளர்தான் கண்ணில் வரும்.

அதனால் உங்களுக்குப் பங்கு கேட்கிறவர்களாகவே தருகிறேன். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் ஆரோக்கியம். துணி வெளுக்கிற குடும்பம். நாகம்மாள் நிலத்தைக் கேட்டாள், இவள் களத்து மேட்டில் தன் கூலித் தானியத்துக்கு நிற்கிறாள், வருஷத்துக்கு வருஷம் கையில் விழுவது குறைந்துகொண்டே வருகிறது. நாகம்மாளுக்குக் கோபம் வரும், ஆரோக்கியத்துக்குப் புலம்பல். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் யாருக்குக் கோபப்பட வசதி இருந்தது என்பது தெரியும். அப்புறம் இதற்கு நேர் எதிராக, நம்ம ஊர்க் கதை ஒன்று: தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’, 2023-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. அதில் வரும் காருமாமா எதையும் கேட்டு வாங்கத் தெரியாமலே போய்ச் சேர்ந்தவர். அவர் சாவுக்கு வந்து கூடுகிற உறவுகளின் பேச்சு முழுக்க நம் காதில் விழுந்த பேச்சு. பெரியம்மாவிடமும் அதைக் கொடுங்கள்.

திருப்பூர் வாசகர்: பனியன் கம்பெனி வேலை. போக வர பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அதுதான் படிக்கிற நேரம். சுஜாதாவோட கணேஷ் வசந்த் எல்லாம் முடிச்சாச்சு. நம்ம கோயமுத்தூர் ராஜேஷ்குமாரும் நிறையப் படிச்சாச்சு. அடுத்து?

வசந்தின் வாய்க்காகப் படிக்கிறீர்களா, கணேஷின் மூளைக்காகவா? முதலாவது என்றால் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’. சிரிக்காதீர்கள். எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதில் போர்ஃபிரி என்று ஓர் விசாரணை அதிகாரி, சம்பந்தமில்லாமல் தொணதொணவென்று பேசுவார், தன்னையே கேலி செய்துகொள்வார், எதிரில் உட்கார்ந்திருக்கும் ரஸ்கோல்னிகோவுக்கு வியர்க்கும். கொலைகாரன் யார் என்று நமக்கு முன்னாலேயே தெரியும், இருந்தும் பக்கம் திருப்பாமல் இருக்க முடியாது. ஒரே சங்கடம் கனம், நின்றுகொண்டு போகும் பஸ்ஸில் ஒரு கையில் பிடிக்க முடியாது. அதற்குப் பூமணியின் ‘வெக்கை’ சரி. சின்னப் புத்தகம். பதினைந்து வயது சிதம்பரம் கொலை செய்துவிட்டு ஓடுவதோடு தொடங்குகிறது, துப்பறிகிறவர் யாரும் கிடையாது, நாம் அவனோடும் அவன் அப்பாவோடும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்துகொண்டு போகிறோம். இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விட்டால் நான் பொறுப்பில்லை.

ஈரோடு வாசகர்: தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ யமுனாவைப் போல இன்னொருத்தி?

அப்படி ஒருத்தியைத் தேட ஆரம்பித்தால் அவளுக்காக ஏங்கிக் கிடந்த பாபுவின் கதிதான் உங்களுக்கும்.

சரி, விளையாட்டை விடுங்கள். யமுனாவுக்காக அந்த நாவலைத் திறந்த எத்தனையோ பேர் கடைசியில் பாபுவின் பாட்டு வாத்தியார் ரங்கண்ணாவைத்தான் மனசில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் ஒரே வித்தையில் காதைத் தீட்டிய கிழவர். உங்களுக்கும் அப்படி இருந்தால் தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, த.நா. குமாரஸ்வாமியின் தமிழில். ஜீவன் மஷாய் கிராமத்து வைத்தியர். ரங்கண்ணா சுருதியைக் கேட்பது போல அவர் நாடியைப் பிடிக்கிறார், விரலுக்கடியில் மரணம் நடந்து வருவது தெரிந்துவிடுகிறது. சொந்த மகனின் நாடியைப் பிடித்தும் தெரிந்துகொள்கிறார். ஊருக்குப் புதிதாக வந்த அலோபதி டாக்டர் அவரை மதிப்பதில்லை. நான் இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன், அது தப்பான இடம். வீட்டில் படியுங்கள்.

பொள்ளாச்சி வாசகி: பாப்பாவுக்குப் பன்னெண்டு வயசு. மௌக்லின்னா உசிரு, ஜங்கிள் புக் ஏட்டை ஏட்டைத் திருப்பிக் கிழிச்சே போட்டாள். தமிழ்ல ஏதாச்சும்?

கிழியும் வரை படிக்கிற பிள்ளைக்கு எதையும் தரலாம். கிப்ளிங் எழுதி 1894-இல் வந்த அந்தப் புத்தகத்தில் மௌக்லியைக் காட்டுக்குள் வைத்திருப்பது சட்டம். ஓநாய்க்கு ஒரு சட்டம், வேட்டைக்கு ஒரு சட்டம். பாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், ‘மிருகம் பேசறது பிடிக்கும்’ என்றால் வேறு புத்தகம், ‘காட்டுல எப்படி இருக்கணும்னு கரடி பாலு சொல்லித் தர்றது பிடிக்கும்’ என்றால் ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. உங்கள் ஊரிலிருந்து மேலே ஏறினால் டாப்சிலிப், கதை நடப்பது அங்கேதான், டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற நிஜமான கால்நடை மருத்துவரை வைத்து எழுதியது. சுற்றுலா வந்தவர்கள் உடைத்துப் போட்ட பீர் பாட்டில் யானையின் காலில் ஏறிய இடம் வரும், புழுக்கள் வரும், அருவருப்பாகத்தான் இருக்கும், அந்தப் புழுக்களைப் பற்றி டாக்டர் பேசுவதைக் கேட்ட பிறகு அருவருப்பு போய்விடும். முதல் தடவை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யும் ஆடு என்பதால் கேட்பாள், அதை இன்னும் இரண்டு மூன்று வருஷம் தள்ளி வையுங்கள்.

பவானி வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போவேன். அத்தனை கடையில் நின்று எப்படித் தேர்ந்தெடுப்பது? பின்னட்டையை நம்பலாமா?

பின்னட்டை மாப்பிள்ளை வீட்டுக்காரர் பேச்சு ஐயா, பாதி கழித்துக்கொள்ள வேண்டும். முதல் பக்கமும் எழுதினவர் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. நடுவில் எங்காவது, இரண்டு பேர் பேசிக்கொள்கிற இடமாகப் பார்த்துப் பிரியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று பெயர் பார்க்காமலே தெரிகிறதா? தெரிந்தால் வாங்கலாம். சாப்பிடுகிற இடம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு ஆள் சோற்றுக்கு முன்னால் எப்படி உட்காருகிறான் என்று எழுதத் தெரிந்தவர் மற்றதையும் எழுதிவிடுவார்.

வெள்ளகோவில் வாசகர்: வயசு முப்பத்தாறு, இன்னும் கல்யாணம் ஆகலைங்க. காதல் கதை எதையும் சிபாரிசு பண்ணாதீங்க. நம்மளை மாதிரி ஆளு யாராச்சும் கதையில உண்டா?

உண்டு, அதுவும் நம்ம பக்கத்திலேயே. பெருமாள்முருகனின் ‘கங்கணம்’ (2007). மாரிமுத்து, ஏறக்குறைய உங்கள் வயசுதான், தோட்டம் உண்டு, பெண் கிடைக்கவில்லை. தரகர், ஜாதகம், பொருத்தம், பங்காளித் தகராறு என்று அவன் படுகிற பாட்டைப் படித்தால் நடுவில் இரண்டு முறையாவது வாய்விட்டுச் சிரிப்பீர்கள், உடனே யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பீர்கள். அதோடு கோயமுத்தூரிலேயே குடியிருக்கும் நாஞ்சில் நாடனின் ‘சதுரங்கக் குதிரை’, அதில் வரும் நாராயணன் மும்பைப் பிரம்மச்சாரி, சிரிப்பு குறைவு, வலி அதிகம். ‘கங்கணம்’ முதலில். தரகர் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் அதை டீப்பாய் மேல் வைக்காதீர்கள், அட்டையைப் பார்த்தே அவர் கமிஷனை ஏற்றிவிடுவார்.