கிரிப், குக்கர், இருமல் மருந்து: ஜப்பான் போகும் ஜிம்னாஸ்டுக்கு

வெளிநாட்டுப் பயிற்சி முகாம் பற்றி வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில.

கேள்வி: என் மகளுக்கு வயது 17, எடை 48 கிலோ. ஆறு வாரம் ஜப்பானில் பயிற்சி, பிறகு அங்கேயே போட்டி. ஒரு நாள் எப்படிப் போகும்? இங்கே இல்லாதது அங்கே என்ன இருக்கிறது?
– குடியாத்தம் வாசகி

பதில்: பெரும்பாலும் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். ஒவ்வொரு வேளையிலும் முதல் முக்கால் மணி உடம்பைச் சூடேற்றி வளைப்பதிலேயே போய்விடும். காலையில் அடிப்படையும் வலுவும், மாலையில் வால்ட் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டுவது), பார்ஸ் (இரு கம்பிகளில் சுழல்வது), பீம் (குறுகலான கட்டை மேல் செய்வது), ஃப்ளோர் (தரையில் செய்வது). நடுவில் சாப்பாடும் தூக்கமும். முதலில் ரொட்டீனை, அதாவது போட்டியில் செய்து காட்டும் முழு வரிசையை, துண்டு துண்டாகப் பழகி ஸ்பாஞ்ச் குழியில் இறங்குவார்கள். போட்டி நெருங்க நெருங்க முழு ரொட்டீன், கெட்டி மெத்தையில் இறக்கம். கடைசி வாரத்தில் எண்ணிக்கையை வெகுவாகக் குறைப்பார்கள். 'பிள்ளையைச் சும்மா உட்கார வைத்திருக்கிறார்களே' என்று பெற்றோர் பதறுவது அப்போதுதான். பதற வேண்டாம், உடம்பு தேறுவதற்கான நாட்கள் அவை.

பீம் எங்கே போனாலும் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 125 சென்டிமீட்டர் உயரம்தான். ஆனால் ஸ்பிரிங் போர்டின் துள்ளலும் பார் வளைந்து கொடுப்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போட்டியில் எந்தத் தயாரிப்பைப் போடுவார்களோ அதிலேயே பழகத்தான் முன்கூட்டியே போவது. ஒரு முறை விழுந்தால் 1 மதிப்பெண் போச்சு. பீமிலிருந்து விழுந்தால் 10 நொடிக்குள் திரும்ப ஏற வேண்டும். பழகாத துள்ளலைப் புரிந்துகொள்ள அந்த 10 நொடி போதாது.

கேள்வி: ஷூவுக்கான தோல் வேலை செய்கிறேன். தங்கை பார்ஸுக்காக உள்ளங்கையில் மாட்டும் தோல் பட்டையான கிரிப்பை நானே தைத்துக் கொடுக்கலாமா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: உங்கள் கைத்திறமையில் சந்தேகமில்லை, தோல்தான் இடிக்கும். ஷூவின் மேல்தோல் மெத்தென்று இழுபடுவது. மேலே பூச்சும் உண்டு. கிரிப்புக்கு இழுபடாத, பூச்சில்லாத, கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பவுடரைப் பிடித்துக்கொள்ளும் தோல் வேண்டும்.

இழுபட்டால் என்ன ஆகும்? நடுவிரலும் மோதிரவிரலும் கிரிப்பின் ஓட்டையில் நுழைய, விரல்களுக்குக் குறுக்கே கிரிப்பிலுள்ள ஒரு சிறு உருளை பாரைக் கவ்வும். தோல் நீண்டுவிட்டால் அது பாரை முழுதாகச் சுற்றி, தன் மேலேயே மடிந்து இறுகும். கை நின்றுவிடும், உடம்பு மட்டும் சுழலும். மணிக்கட்டோ முன்கை எலும்போ முறிவது இப்படித்தான். ஆண்கள் சுழலும் ஒற்றைக் கம்பியான ஹைபார் 28 மில்லிமீட்டர் தடிமன்தான், பெண்களின் பார் 40. பார் மெலிய மெலிய இந்த ஆபத்து கூடும். அதனால் கிரிப் விலைக்கு வாங்கியதாகவே இருக்கட்டும். வாரம் ஒரு முறை நீளத்தையும் ஓட்டை ஓரங்களையும் பார்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை ஓரத்தில் வெடிப்பு கண்டால் தைக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். தண்ணீரில் கழுவக் கூடாது. மினுமினுப்பு ஏறினால் கம்பி பிரஷால் லேசாகத் தேயுங்கள்.

பழகிய கிரிப் இரண்டு ஜோடி, கையோடு வரும் பையில். போட்டி வாரத்தில் புது ஜோடியைப் பிரிக்கவே கூடாது. சாக் பவுடரை மட்டும் அங்கே வாங்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பொடியைப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்வது பெரும்பாடு! (மெக்னீசியம் கார்பனேட்தான், சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் போன்ற பளுதூக்கும் வீரர்கள் கையில் பூசுவதும் அதுவே.)

கேள்வி: பேத்திக்கு எலக்ட்ரிக் குக்கரும் ஆம்பூர் மட்டன் தொக்கும் கொடுத்து அனுப்பலாமா?
– காட்பாடி வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம் பாட்டி. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. நம் 700 வாட் குக்கர் அங்கே சுமார் 130 வாட்தான் இழுக்கும். அரிசி ஊறுமே தவிர வேகாது. அங்கேயே சின்னதாக ஒன்று வாங்கட்டும். அதை ஊருக்குக் கொண்டுவந்து நம் பிளக்கில் செருகினால் கருகிவிடும். அந்த ஊர் அரிசி குட்டை, ஒட்டும் ரகம். ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றேகால் பங்குக்குள் தண்ணீர் போதும். பொன்னிக்கு வைக்கிற மாதிரி இரண்டரைப் பங்கு வைத்தால் கஞ்சிதான்.

இறைச்சி எதுவானாலும், சீல் வைத்த தொக்கானாலும், உரிய சான்று இல்லாமல் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதி.

50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 70 முதல் 100 கிராம் வரை புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான், எனவே மீன், தயிர், டோஃபு எல்லாம் சேர வேண்டும். எடைக்குப் பயந்து சோற்றைக் குறைத்தால் மாலைப் பயிற்சியில் கால் தடுமாறும். மாதவிடாய் தள்ளிப்போனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: சளி, இருமலுக்கு வழக்கமான சிரப்பைப் பெட்டியில் வைக்கலாம்தானே?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: லேபிளைப் படிக்காமல் வைக்காதீர்கள். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பல சிரப்களில் மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பூட்டலின் என்ற மருந்து உண்டு. ஊக்கமருந்துப் பட்டியலில் அது எந்நேரமும் தடை. 'டாக்டர் எழுதிக் கொடுத்தார்' என்பது மட்டும் போதாது. விதிவிலக்கு அனுமதி தனியாக வாங்க வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட்டில் நான்காவதாக வந்த நம் ஜிம்னாஸ்ட் தீபா கர்மாக்கரின் மாதிரியில் ஹைஜெனமைன் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் 21 மாதத் தடை; அது 2023 ஜூலையில்தான் முடிந்தது. ஹைஜெனமைன் சில செடிகளிலேயே இருக்கிறது. ஆகவே, என்னென்ன சேர்ந்தது என்று எழுதாத லேகியம், சூரணம் எதுவும் வேண்டாம். பாரசிட்டமால் பரவாயில்லை.

கேள்வி: நேர வித்தியாசம் ஒத்துக்கொள்ள எத்தனை நாள்? எப்போது போன் செய்வது?
– ஆற்காடு வாசகி

பதில்: ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தி. மூன்று நான்கு நாளில் சரியாகும். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி சீக்கிரம் படுத்து, சீக்கிரம் எழட்டும். போய் இறங்கியதும் காலை வெயிலில் நடக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வால்ட்டும் கடினமான இறக்கங்களும் வேண்டாம். விழிப்பு குறைந்த நேரத்தில்தான் கணுக்கால் மடங்கும்.

போன்தான் பெரிய வில்லன். இங்கே சீரியல் முடிந்து இரவு 9 மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு 12:30. மதியம் 3:30க்குக் கூப்பிடுங்கள். அங்கே மாலை 7, பயிற்சி முடிந்து குளித்திருப்பாள்.