சிகரெட்டை விட்ட பிறகும் மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 52. தினமும் ஒரு பாக்கெட் என்று 24 வருடம் சிகரெட் பிடித்தேன். ஒன்றேகால் வருடத்துக்கு முன் அடியோடு விட்டுவிட்டேன். காலை இருமலும் சளியும் சில மாதங்களில் நின்றுவிட்டன. ஆனால் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது அப்படியேதான் இருக்கிறது. நுரையீரல் இன்னும் சுத்தமாகவில்லையா? அதைச் சுத்தம் செய்யும் மாத்திரை என்று விற்கிறார்களே, எடுத்துக்கொள்ளலாமா?

மாத்திரை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் படிந்த கரியைக் கழுவி எடுக்கும் மாத்திரையோ சாறோ கிடையாது. உங்களுக்கு மூச்சு வாங்கக் காரணமும் அந்தக் கரி அல்ல. அந்த மாத்திரைகளில் பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும், உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பொருள்) கலந்திருந்தால் தொடவே தொடாதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் புகையை விட்டவர்களையும் சேர்த்து நடந்த இன்னொரு ஆய்வை, இதே ஆபத்து தெரிந்ததும் 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

சரி, இருமல் நின்றது, மூச்சு வாங்குவது நிற்கவில்லை. இரண்டும் நுரையீரலின் வெவ்வேறு இடங்களில் நடக்கும் விஷயங்கள். ஒரு இடத்தில் செல்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். இன்னொரு இடத்தில் அது பெரும்பாலும் நடப்பதில்லை.

மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் ஒவ்வொன்றிலும் சுமார் 200 நுண்மயிர்கள் உண்டு. சிலியா என்பார்கள். நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். புகை அவற்றைக் குட்டையாக்கி, வேகத்தையும் குறைத்துவிடுகிறது. சளி சுரக்கும் கோப்லெட் செல்களோ எண்ணிக்கையில் பெருகிவிடுகின்றன. சளி அதிகம், தள்ளுவதற்கு ஆள் குறைவு. அதனால்தான் காலையில் எழுந்ததும் இருமல். இந்தச் சுவருக்கு அடியில் பேசல் செல்கள் என்ற ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. புகை நின்றதும் அவை புதிய செல்களை உருவாக்கிச் சுவரை மெல்லச் சீராக்குகின்றன.

இது டிஎன்ஏ அளவிலும் தெரிகிறது. பிரிட்டனின் சாங்கர் நிறுவனமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து 16 பேரின் மூச்சுக்குழாய்ச் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டன. புகைபிடிப்பவர்களின் செல்களில் ஆயிரம் முதல் பத்தாயிரம் வரை கூடுதல் மரபணுப் பிறழ்வுகள் இருந்தன. புகையை விட்டவர்களிடம், சிலருக்கு 40 சதவீதம் வரையிலான செல்கள், புகையே பிடிக்காதவரின் செல்களைப் போல இருந்தன. புகைக்குத் தப்பி எங்கோ தங்கியிருந்த நல்ல செல்கள் பெருகிச் சுவரை நிரப்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு இது. உங்கள் சளி நின்றதையும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மூச்சு வாங்குவதன் காரணம் இன்னும் ஆழத்தில், காற்றறைகளில் இருக்கக்கூடும். நமக்குச் சராசரியாக 48 கோடி காற்றறைகள் உண்டு. அவற்றின் சுவர்கள் விரிந்து சுருங்குவது எலாஸ்டின் என்ற புரத இழைகளால். புகை உள்ளே போனதும் அங்கிருக்கும் மேக்ரோபேஜ்கள் என்ற காவல் செல்களும் சுவர்ச் செல்களும் இன்டர்லூக்கின்-8 போன்ற ரசாயன அழைப்புகளை அனுப்புகின்றன. ரத்தத்திலிருந்து நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. அவை கையோடு கொண்டுவரும் நொதிதான் எலாஸ்டேஸ். கிருமியைக் கொல்ல உதவும் இந்த நொதி எலாஸ்டின் இழையையும் வெட்டும்.

இதைத் தடுக்க ரத்தத்தில் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற காவல் புரதம் இருக்கிறது. பிறவியிலேயே இது குறைந்தவர்களுக்கு இளம் வயதிலேயே காற்றறைகள் சிதைவதை ஸ்வீடனைச் சேர்ந்த லாரெல், எரிக்சன் இருவரும் 1963-ல் எழுதினார்கள். அதே 1960-களில், பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின் நொதியை எலிகளின் நுரையீரலில் செலுத்தியபோது அதே சிதைவு வந்தது. வெட்டும் நொதிக்கும் காவல் புரதத்துக்கும் இடையே உள்ள சமநிலை குலைந்தால் காற்றறை அழியும் என்ற புரிதல் அங்கிருந்து வந்ததுதான். புகை இங்கே இரண்டு பக்கமும் அடிக்கிறது. நொதியைக் கூட்டுவதோடு, காவல் புரதத்தின் 358-வது இடத்தில் இருக்கும் மெத்தியோனினை ஆக்சிஜனேற்றம் செய்து அதைச் செயலிழக்கவும் வைக்கிறது.

எலாஸ்டினை உடல் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாக்கி முடித்துவிடுகிறது. ஆரோக்கியமான நுரையீரலில் அந்த இழைகள் ஏறக்குறைய ஆயுள் முழுக்க நீடிக்கும். அதனால் பெரியவர்களுக்கு வெட்டுப்பட்ட இழை பழையபடி பின்னப்படுவதில்லை. பல சிறிய அறைகளின் சுவர்கள் இடிந்து ஒரே பெரிய அறையாகிவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். எம்பிசீமா என்பது இதுதான். கூடாரத்தை நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைப் போல, இந்தச் சுவர்கள்தான் நுண்ணிய மூச்சுக்குழாய்களைத் திறந்து வைத்திருக்கின்றன. அவை போனால் மூச்சை வெளியே விடும்போது குழாய்கள் மூடிக்கொண்டு காற்று உள்ளே சிக்கும். மாடி ஏறுகையில் வேகவேகமாக மூச்சு விடும்போது சிக்கும் காற்று இன்னும் கூடும்.

அப்படியானால் விட்டது வீணா என்று கேட்காதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986-ல் தொடங்கி 5,887 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே மூச்சுக்குழாய் அடைப்பு ஓரளவு இருந்தது. முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு வருடத்துக்கு 66 மில்லிலிட்டர் குறைந்தது. ஆரம்பத்திலேயே விட்ட ஆண்களுக்கு 30 மில்லிலிட்டர்தான். வயதாவதால் எல்லாருக்கும் குறைவதும் ஏறக்குறைய அவ்வளவே. போனதைத் திரும்பக் கொடுக்காவிட்டாலும், போய்க்கொண்டிருந்த வேகத்தைக் குறைத்திருக்கிறீர்கள். 52 வயதில் அது மிகப் பெரிய விஷயம்.

இனி செய்ய வேண்டியது. இதுவரை சொன்னதெல்லாம் எம்பிசீமாவாக இருக்கும் பட்சத்தில்தான். மாடி ஏறும்போது மூச்சு வாங்க இதய நோயும் ரத்தசோகையும் காரணமாகலாம், அதனால் ஈசிஜியும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். நுரையீரலுக்கு ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதும் காற்றை அளக்கும் சோதனை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வருவது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று கணக்கு; எம்பிசீமாவும் இதில் அடங்கும். அளவு சரியாக வந்தாலும் விஷயம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களில் நிறைய அழிந்த பிறகுதான் ஸ்பைரோமெட்ரி அதைக் காட்டும். காற்றறையிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று பார்க்கும் டிஎல்சிஓ சோதனையையும் டாக்டரிடம் கேளுங்கள். சிஓபிடி உறுதியானால் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் அளவை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

மருந்து என்று வந்தால், நீண்ட நேரம் வேலை செய்யும் மூச்சுக்குழாய் விரிப்பான் இன்ஹேலர்தான் முதலில். ஆஸ்துமாவுக்கு நன்றாகக் கேட்கும் ஸ்டீராய்டு இங்கே அவ்வளவாகக் கேட்பதில்லை. அழற்சி மரபணுக்களை அடக்க ஸ்டீராய்டுக்கு எச்டிஏசி-2 என்ற நொதியின் துணை வேண்டும். சிஓபிடி நுரையீரலில் அது குறைந்துவிடுகிறது. அதனால் அடிக்கடி நோய் திடீரென்று மோசமாகிறவர்களுக்கும் ரத்தத்தில் ஈயோசினோபில் என்ற வெள்ளை அணு அதிகமிருப்பவர்களுக்கும்தான் ஸ்டீராய்டு இன்ஹேலரால் பெரும்பாலும் பலன். நண்பருக்குக் கொடுத்ததை நீங்களும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உதட்டைக் குவித்து, மெழுகுவர்த்தியை அணைக்காமல் ஊதுவதுபோல மெதுவாக மூச்சை விட்டுப் பழகுங்கள். வெளியேறும் காற்றுக்கு அது கொடுக்கும் சின்னத் தடை, குழாய்கள் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். மாடி ஏறும்போதே செய்யலாம். அப்புறம் நடை. பயிற்சியால் காற்றறை வளராது, ஆனால் பழகிய கால் தசை அதே வேலைக்குக் குறைந்த மூச்சைக் கேட்கும். ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள்.

50 முதல் 80 வயது, 20 பாக்கெட்-வருடம் (தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் என்பது ஒரு பாக்கெட்-வருடம்), விட்டு 15 வருடத்துக்குள் என்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் என்பது 2021 முதல் அமெரிக்கப் பரிந்துரை. உங்கள் 24 வருடக் கணக்கு அதற்குள் வருகிறது, டாக்டரிடம் பேசுங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள். முதல் ஸ்பைரோமெட்ரி அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த வருடம் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட அது வேண்டும்.