அமெரிக்காவில் டிப்ஸுக்கு வருமான வரி விலக்கு: நியாயமா, யாருக்கு லாபம்?

கேள்வி: அமெரிக்காவில் ஹோட்டல் சர்வர் போன்றவர்கள் வாங்கும் டிப்ஸுக்கு இனி வரி கிடையாதாமே? உழைப்பாளியின் டிப்ஸுக்கு வருமான வரி விலக்கு கொடுப்பது சரிதானா?

கொள்கையாகப் பார்த்தால் சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் சட்டம் வந்துவிட்டது. தகுதி இருப்பவர் அதில் ஒரு டாலரைக்கூட விட்டுவிடத் தேவையில்லை. அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். 'வரியே கிடையாது' என்பது தேர்தல் மேடைப் பேச்சு. 2024 ஜூனில் டிரம்ப் லாஸ் வேகாஸில் இதை அறிவித்தார். ஆகஸ்டில் அதே ஊரில் கமலா ஹாரிஸும் இதே வாக்குறுதியைக் கொடுத்தார். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா தேர்தலில் இழுபறி மாநிலம், ஊரோ சூதாட்ட விடுதித் தொழிலாளர்கள் நிறைந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் தருவதோ ஒரு கழிவு மட்டுமே. வருடத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வரிக்குட்பட்ட வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2025 முதல் 2028 வரை நான்கு வருடங்களுக்குத்தான் இது. வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினால் (தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 3,00,000) அதற்கு மேலான ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கழிவில் 100 டாலர் குறையும். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வகையில் டிப்ஸின் முதல் டாலரிலிருந்தே 7.65 சதவீதம் பிடிக்கப்படும். அதில் எந்த மாற்றமும் இல்லை.

விலக்குக்கும் கழிவுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் தெரியும்.

கல்யாணமாகாத ஒரு சர்வர். சம்பளம் 18,000, டிப்ஸ் 22,000, மொத்தம் 40,000 டாலர். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நிலையான கழிவு (2025க்கு) 15,750 போக, வரிக்குட்பட்டது 24,250. முதல் 11,925க்கு 10 சதவீதம், மீதிக்கு 12 சதவீதம் என்று போட்டால் வரி 2,671.50. டிப்ஸ் கழிவையும் எடுத்தால் வரிக்குட்பட்டது வெறும் 2,250, வரி 225. மிச்சம் 2,446.50 டாலர். நல்ல தொகைதான். இப்போது அதே 40,000 டாலரைக் கிடங்கில் பெட்டி தூக்கிச் சம்பாதிப்பவரைப் பாருங்கள். அவருக்கு வரி அதே 2,671.50, சலுகை எதுவும் இல்லை. அதே ஹோட்டலில் அடுப்படியில் வேகும் சமையல்காரருக்கும், டிப்ஸில் பங்கு கிடைக்காவிட்டால், இதே கதி. மூவருக்கும் வருமானம் ஒன்று, உழைப்பும் ஏறக்குறைய ஒன்று. பணம் யார் கையிலிருந்து வந்தது என்பதை வைத்து மட்டும் வரி மாறுகிறது. என் முதல் ஆட்சேபம் இதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பெரியது. 17 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையோடு தனியாகக் குடும்பம் நடத்தும் பரிசாரகப் பெண்ணுக்குச் சம்பளமும் டிப்ஸுமாக 28,000 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவருக்கான நிலையான கழிவு 2025க்கு 23,625. மீதி 4,375க்கு வரி 437.50. குழந்தைக்கான வரிச்சலுகை 2,200 டாலர் இருப்பதால் அந்த வரி ஏற்கெனவே பூஜ்யம். அந்தச் சலுகையில் பணமாகக் கையில் கிடைக்கும் பகுதிக்கு 1,700 டாலர்தான் உச்சவரம்பு. டிப்ஸ் கழிவுக்கு முன்னும் அவருக்கு 1,700, பின்னும் அதே 1,700. டிப்ஸ் கழிவால் அவருக்கு ஒரு சென்ட் கூடக் கிடைப்பதில்லை. இவர் விதிவிலக்கும் அல்ல. யேல் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட் லேப் என்ற ஆய்வு மையம் 2022 ஆண்டைப் பார்த்துப் போட்ட கணக்கில், டிப்ஸ் வாங்கும் தொழிலாளர்களில் சுமார் 37 சதவீதம் பேருக்குக் கூட்டாட்சி வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லை. பேச்செல்லாம் ஏழைத் தொழிலாளியைப் பற்றி, பலன் போவது விலை உயர்ந்த உணவகத்தில் கை நிறைய டிப்ஸ் வாங்குபவருக்கு.

'டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் மனமுவந்து தரும் அன்பளிப்பு, அதற்கு எதற்கு வரி?' என்ற வாதம் அடிக்கடி வரும். அது நிற்காது. 1960இல் டூபர்ஸ்டைன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைம்மாறு கருதாத தாராளத்தால் கொடுப்பதே வரிக்கணக்கில் அன்பளிப்பு என்று வரையறுத்தது. சாப்பாடு பரிமாறியதற்காக பில்லில் 20 சதவீதம் சேர்த்து வைப்பது கூலிதான்.

கூலி குறைவு என்பது உண்மையான பிரச்சினை, அதை மறுக்கவில்லை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சம், கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது அசையவே இல்லை. பொதுக் குறைந்தபட்சக் கூலி 7.25 (அதுவும் 2009இலிருந்து அப்படியே). இடையிலுள்ள 5.12 டாலரை வாடிக்கையாளரின் டிப்ஸே நிரப்பிவிடலாம். நிரம்பாவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா போன்ற சில மாநிலங்கள் இந்தச் சலுகையை முதலாளிக்குத் தருவதில்லை. அங்கே முழுக் கூலிக்கு மேல்தான் டிப்ஸ். தொழிலாளியின் வருமானம் உயரவேண்டும் என்றால் கைவைக்க வேண்டிய இடம் இந்த 2.13. வரிக்கழிவு அந்தச் செலவை முதலாளியிடமிருந்து அரசு கஜானாவுக்குத் தள்ளிவிடுகிறது. டிப்ஸ் முறையையே ஒழித்து, சேவைக் கட்டணம் வசூலித்து நல்ல சம்பளம் தரும் உணவகத்தின் ஊழியருக்கு இந்தச் சட்டத்தில் எதுவுமில்லை என்பதையும் கவனியுங்கள்.

இனி, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ அங்கே டிப்ஸ் வருமானத்தில் இருந்தால் கவனிக்க வேண்டியவை.

அதிகம் பேர் சறுக்கும் இடம் பில்லில் தானாக ஏறும் தொகை. ஆறு பேருக்கு மேல் வந்தால் 18 சதவீதம் என்று ஹோட்டலே போட்டுவிட்டால், அது முழுவதும் உங்கள் கைக்கு வந்தாலும் டிப்ஸ் ஆகாது, சாதாரணச் சம்பளம்தான். வாடிக்கையாளர் விரும்பினால் குறைக்கவோ நீக்கவோ முடிகிற தொகையே கழிவுக்குத் தகுதியானது. ரொக்கமா, கார்டா என்பது பொருட்டல்ல. பொதுவாகச் சேர்த்துப் பிரிக்கும் டிப்ஸில் உங்களுக்கு வரும் பங்கும் சேரும்.

தொழிலும் அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 31க்கு முன்பே வழக்கமாக டிப்ஸ் கிடைத்துவந்த தொழில்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவை அதில் உள்ளன. பார்டெண்டர், முடிதிருத்துபவர், டாக்ஸி ஓட்டுநர் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். வீட்டு எலக்ட்ரீஷியனும் டியூஷன் ஆசிரியரும் யூடியூபர் வகையறாவும்கூட இருக்கிறார்கள்!

கணக்கில் காட்டாத டிப்ஸுக்குக் கழிவு இல்லை. தினமும் ரொக்கம், கார்டு, மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் 20 டாலர் அல்லது அதற்கு மேல் வந்தால், அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் முதலாளியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டுப்போனதை, வரித் தாக்கலோடு இணைக்கும் படிவம் 4137 வழியாகக் காட்டலாம். ஆனால் அதற்கான 7.65 சதவீதத்தையும் அப்போது நீங்களே கட்ட வேண்டும். அதற்குப் பயந்து மறைப்பது, சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தைத் தன் கையாலேயே குறைத்துக்கொள்வதாகும்.

2025 கணக்குக்கு, முதலாளி தரும் வருடாந்திரச் சம்பளப் படிவமான டபிள்யூ-2இன் 7ஆம் கட்டத்தில் உள்ள தொகையைத் தொடக்கமாக எடுத்து, வரிப் படிவத்தின் இணைப்பான ஷெட்யூல் 1-ஏயில் கழிவைக் கோருங்கள். தானியங்கிச் சேவைக் கட்டணம் அதில் கலந்திருக்கிறதா என்று சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வேலை செய்ய அனுமதியுள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம். கல்யாணமானவர்கள் தனித்தனியாகத் தாக்கல் செய்தால் கழிவு முழுவதும் போய்விடும். சேர்ந்து தாக்கல் செய்யும்போது இருவருமே டிப்ஸ் வாங்கினாலும் உச்சவரம்பு அதே 25,000தான். சுயதொழில் செய்பவருக்கு அந்தத் தொழிலின் நிகர வருமானத்தைத் தாண்டிக் கழிவு கிடையாது. மாநில வரி தனி. கலிஃபோர்னியாவில் இருப்பவர் மாநிலத்துக்கு டிப்ஸுக்கான வரியையும் கட்டித்தான் ஆகவேண்டும். டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரியே இல்லாததால் அந்தக் கவலை இல்லை.

நம் ஊரில் எப்படி என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். 2016இல் ஹோட்டல்கள் நடத்தும் ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் சம்பளம் ஆகாது, எனவே ஹோட்டல் அதற்கு டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கவேண்டியதில்லை என்றது. ஊழியரின் கையில் அது 'பிற வருமானம்' என்ற தலைப்பில் வரிக்குட்பட்டதே. 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி விழாது என்பதால், பெரும்பாலான சர்வர்களுக்கு அது ஏட்டளவில்தான்.